பாய்மரத்தில் நாலு ஓட்டை

பாய்மரப் படகின் மரத்தில் கயிறு கட்டும் கொம்பை மாட்டுவது என் தொழில். நாலு ஓட்டை, நாலு ஆணி, அரைமணி நேர வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அந்தக் கொம்புக்கு க்ளீட் என்று பெயர். உள்ளங்கை நீளத்தில் ஒரு உலோகத் துண்டு. இரண்டு பக்கமும் மாட்டுக் கொம்பு போல நீட்டிக்கொண்டிருக்கும். பாயை மேலே ஏற்றிய கயிற்றை அதில் எட்டுப் போட்டுச் சுற்றிவிட்டால் பாய் ஏற்றிய இடத்தில் நிற்கும். க்ளீட் பிய்த்துக்கொண்டு வந்தால் பாய் கீழே வரும், பாய்க்குப் பின்னாலேயே வசவும் வரும். என் பெயர் பேச்சியம்மாள். தாராவியில் அலுமினிய ஜன்னல் செய்யும் பட்டறையில் பதினோரு வருஷம் வேலை பார்த்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவள். ட்ரில் மெஷின் பிடிக்கிறவர்கள், ஸ்பேனர் பிடிக்கிறவர்கள், "சின்ன வேலைதானே, சட்டுனு முடிச்சிட்டுப் போயேன்" என்று தினமும் கேட்டுக் காது புளித்தவர்கள் எல்லாரும் என் கூட்டாளிகள். உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். நீங்கள் கேட்டால் "ஆமா ஆமா" என்பீர்கள்.

ஜன்னல்காரி

படகுக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. நீச்சல் தெரியாது. கடல் என்றால் மாஹிம் கரையில் நின்று பார்ப்பதோடு சரி. ஒருநாள் பட்டறைக்கு துக்காராம் என்று ஒருவர் வந்தார். மீனவர் குடும்பம், துறைமுகத்தை ஒட்டிய ஒரு படகு கிளப்பில் படகுகளைப் பராமரிக்கிறவர். கையில் ஒரு உடைந்த க்ளீட் வைத்திருந்தார். அலுமினியக் குழாயில் சுத்தமாக ரிவெட் ஆணி அடிக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்றார். பட்டறை முதலாளி தங்கராஜ் அண்ணாச்சி சுற்றிமுற்றிப் பார்த்தார். ஆம்பிளைகள் எல்லாரும் முலுண்டில் ஒரு அடுக்குமாடிக்கு ஜன்னல் மாட்டப் போயிருந்தார்கள். "ஏட்டி பேச்சி, நீ போயிட்டு வாறியா? ஒரே ஒரு கொழாய்தானாம்" என்றார்.

அந்த ஒரே ஒரு குழாய் ஏழு மீட்டர் நீளத்தில் இரண்டு ஸ்டாண்டுகள் மேல் படுத்திருந்தது. அதுதான் பாய்மரம்; பேர்தான் மரம், உடம்பெல்லாம் அலுமினியம். நான் ரசமட்டம் வைத்து, பென்சில் கோடு போட்டு, ஜன்னல் கைப்பிடி மாட்டுவது போல நூல் பிடித்த மாதிரி நேராக மாட்டினேன். பார்க்க அம்சமாக இருந்தது. துக்காராம் ஒரு கயிற்றை எடுத்து அதில் சுற்றி இழுத்தார். முதல் சுற்று தன் மேலேயே ஏறி இறுகிக்கொண்டது. பல்லால் கடித்துக்கூட எடுக்க முடியவில்லை. நான் ரிவெட்டை எல்லாம் சீவி எடுத்தேன். பழைய ஓட்டைகளை அடைத்துவிட்டு ஒரு சாண் மேலே தள்ளி மறுபடி மாட்டினேன். இந்தத் தடவை அவர் கயிற்றைப் பிடித்துக் காட்டிய கோணத்தில். இரண்டாவது தடவை கயிறு வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது, சுண்டினால் கழன்றது. அவர் என்னை 'தாயி' என்று கூப்பிட்டார். என்னைவிடப் பத்து வயது மூத்த மனுஷன் தாய் என்கிறாரே என்று முழித்தேன். மராத்தியில் அது அக்கா என்று அப்புறம்தான் தெரிந்தது. அவர் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்: "ஜன்னல் நேரா நின்னாப் போதும் தாயி, க்ளீட் கயித்தைப் பார்த்துக் கொஞ்சம் சாய்ஞ்சு நிக்கணும்."

பல் டாக்டரின் எக்ஸ்ரே

துக்காராம் சொல்லி கிளப்பில் ஒவ்வொருவராக என்னைக் கூப்பிட, அதுவே என் தொழிலாகிவிட்டது. செம்பூரில் ஒரு பல் டாக்டரம்மா. ஆறு நாள் பல், ஏழாவது நாள் படகு. புதிதாக ஒரு க்ளீட் கேட்டார். அளந்தேன், பஞ்ச் வைத்துத் தட்டினேன், ட்ரில்லை அழுத்தினேன். அலுமினியத்தைத் தாண்டியதும் துளைக்கிற பிட் பொசுக்கென்று உள்ளே போனது. அடுத்த நொடி மெஷின் என் மணிக்கட்டைத் திருகிவிட்டு நின்றது. பிட்டை வெளியே இழுத்தால் அதன் முனையில் வெள்ளை வெள்ளையாக நூல், பஞ்சுமிட்டாய் சுற்றிய குச்சி மாதிரி. பாயை ஏற்றும் கயிறு அந்த மரத்துக்கு உள்ளேதான் ஓடுகிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஜன்னல் சட்டத்துக்குள்ளே காற்றைத் தவிர வேறு என்ன இருந்துவிடப்போகிறது?

கயிறு பாதி அறுந்துவிட்டது. "நானே மாத்தித் தாரேன்" என்று சொல்லிவிட்டேன். எப்படி மாற்றுவது என்று சத்தியமாகத் தெரியாது. பழைய கயிற்றின் வாலில் புதுக் கயிற்றைத் தைத்து இழுத்தால் வந்துவிடும் என்றார்கள். தைத்து இழுத்தேன், பாதி வழியில் தையல் பிய்ந்து, பழையது வெளியே வந்தது, புதியது வரவில்லை. மரத்துக்குள் இப்போது ஒன்றுமே இல்லை. அன்று சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது ஒருவன் சைக்கிள் செயினைக் கையில் சுருட்டி வைத்திருந்ததைப் பார்த்தேன். மறுநாள் ஒரு சாண் செயின் துண்டை மெல்லிய நைலான் நூலில் கட்டி, உச்சி வழியாக உள்ளே விட்டு, மரத்தின் ஒரு முனையைத் தூக்கித் தூக்கிக் குலுக்கினேன். செயின் புழு மாதிரி ஊர்ந்து ஊர்ந்து அடிப்பக்கம் எட்டிப் பார்க்க மத்தியானம் ஆகிவிட்டது. நூலின் மறுமுனையில் புதுக் கயிற்றைக் கட்டி இழுத்தேன், நூலோடு கயிறு வந்தது.

அன்றிலிருந்து என் பிட்டில் ஒரு ரப்பர் குழாய்த் துண்டு மாட்டியிருக்கும். குழாய்ச் சுவரின் கனத்துக்கு மேல் பிட் ஒரு நூல்கூட உள்ளே போகாது. டாக்டரம்மா கோபப்படவில்லை. நான் செய்வதை எல்லாம் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கடைசியில் சொன்னார்: "நான் பல்லுல ஓட்டை போடறதுக்கு முன்னாடி நரம்பு எங்கே இருக்குன்னு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பேன், பேச்சி."

உள்ளே யாரோ

மாட்டுங்காவில் விஸ்வநாதன் சார். பாலக்காட்டுப் பக்கத்துக் குடும்பம். கம்பெனி ஒன்றில் வரைபடம் வரைந்து வரைந்தே ஓய்வு பெற்றவர். அவர் படகில் பழைய க்ளீட்டைக் கழற்ற வேண்டியிருந்தது. ரிவெட்டின் தலையை ட்ரில்லால் சீவினால் மீதித் துண்டு மரத்துக்குள் விழுந்துவிடும். விழுந்தால் விழட்டும், அது யாரைக் கடிக்கப்போகிறது என்று புதியதை மாட்டிவிட்டு வந்துவிட்டேன். கரையில் ஒரு சத்தமும் இல்லை. கடலில் படகு ஆட ஆட, உள்ளே நாலு துண்டும் மேலும் கீழும் உருண்டிருக்கின்றன. மனுஷன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதைக் கேட்டிருக்கிறார். மரத்தை இறக்கி, அடி மூடியைக் கழற்றி, சாய்த்துக் குலுக்கினேன். மூன்று துண்டு வந்தது, நாலாவது வரவில்லை. அவர் "மூணு போறும், விடு" என்றார். போட்டது நாலு, எடுப்பதும் நாலுதான் என்று விடவில்லை. கம்பியை விட்டுக் குத்தினேன், வரவில்லை. தட்டினேன், வரவில்லை. கடைசியில் தோட்டத்துத் தண்ணீர்க் குழாயை உச்சியில் சொருகி முழு வேகத்தில் திறந்துவிட்டேன். ஒரு வாளி அழுக்குத் தண்ணீரோடு நாலாவதும் வந்து விழுந்தது. அவர் நாலையும் உள்ளங்கையில் வைத்து மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "நாள் பூரா உள்ளே தாயம் ஆடினது இவாதானா?"

கிராஃப் தாள்

அதே விஸ்வநாதன் சார், மழைக்காலம் முடிந்து படகுகள் எல்லாம் தண்ணீரில் இறங்கும் சமயத்தில் ஒரு கிராஃப் தாளோடு வந்தார். படகில் இருந்த மூன்று க்ளீட்டுக்கும் புது இடம் குறித்திருந்தார், பென்சிலில், அரை மில்லிமீட்டர் சுத்தமாக. "அளவு துளி மாறப்படாது" என்றார். தாளைப் பார்த்தேன். மார்பு உயரத்தில் இருந்தவை எல்லாம் இடுப்பு உயரத்துக்கு இறங்கியிருந்தன. அந்த இடத்தில் வைத்தால் இடுப்பில் இடிக்கும், சுற்றிய கயிறு காலில் மாட்டும். ஏன் சார் என்று கேட்டேன். வசதிக்குத்தான் என்றார். யாருக்கு வசதி என்று கேட்டேன். தாளையே விரலால் தட்டிக் காட்டினார்.

"சார், படகுல ஏறி நில்லுங்க. கண்ண மூடுங்க. பாய ஏத்துத மாதிரி கயித்தப் பிடிங்க" என்றேன். இடது கை தலைக்கு மேல் போனது. வலது கை இடுப்பு வரை வந்து அங்கேயே நின்றுவிட்டது, முகம் சுருங்கியது. எனக்குப் புரிந்துவிட்டது. அந்தத் தாளை வாங்கி நாலாக மடித்து என் பையில் வைத்தேன். மூன்று க்ளீட்டையும் மரத்தின் இடப்பக்கம், மார்பு உயரத்தில் மாட்டினேன். இழுக்கும் கயிற்றில் ஒரு சின்ன உருளையும் சேர்த்தேன். இடது கையால் பிடித்து உடம்பின் பாரத்தைக் கொடுத்தால் போதும், பாய் ஏறும். அன்று முழு நாளும் போனது. அவர் ஏழு தடவை ஏற்றி இறக்கிப் பார்த்தார். போகும்போது படகிலிருந்து குனிந்து என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "தோள் சமாச்சாரம் ஆத்துல தெரிய வேண்டாம், தெரிஞ்சா படகை வித்துடச் சொல்லுவா."

வெள்ளைப் பொடி

ஒருநாள் காலையில் துக்காராம் ஒரு க்ளீட்டை என் கையில் வைத்தார். நான் மாட்டியதுதான். கயிற்றை இறுக்கும்போது அவர் கையோடு வந்துவிட்டதாம். நல்லவேளை, படகு கரையில் இருந்தது. ரிவெட் போதாது என்று நான் போட்டிருந்த ஸ்டீல் திருகு நாலும் புதுசு மாதிரி மின்னின. மரத்தில் ஓட்டையைச் சுற்றித்தான் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிர்ந்திருந்தது. விரலால் தேய்த்தால் சுண்ணாம்பு மாதிரி வந்தது. ஸ்டீலும் அலுமினியமும் உப்புத் தண்ணீரும் ஒன்று சேர்ந்தால் அலுமினியத்தை அரித்துத் தின்றுவிடும். அதற்காக நடுவில் ஒரு மஞ்சள் பசை தடவ வேண்டும். இது எனக்கு இப்போது தெரியும். முதல் வருஷம் தெரியாது. ஜன்னலுக்கு அப்படி எதுவும் தடவியது கிடையாது. முதல் வருஷம் எத்தனை படகு செய்தேன் என்று நோட்டைப் புரட்டினேன். பதினொன்று.

பழைய முதலாளி அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். "நீ சொல்லாட்டா எவனுக்குத் தெரியப்போவுது? களண்டு வரும்போது பாத்துக்கிடுவோம்ட்டி" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவர் ஜன்னலை நினைத்துக்கொண்டு சொன்னார். ஜன்னல் கழன்றால் வீட்டுக்குள் மழை வரும், அவ்வளவுதான். நான் அந்தப் பல் டாக்டரம்மாவை நினைத்தேன். தோள் தூக்க முடியாத விஸ்வநாதன் சாரை நினைத்தேன். கழன்று வரும்போது அவர்கள் நடுக்கடலில் இருப்பார்கள். மறுநாள் கிளப்புக்குப் போய், பதினோரு பேரிடமும் நானே சொல்லி, பதினொன்றையும் கழற்றித் திரும்ப மாட்டப்போகிறேன் என்று துக்காராமிடம் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தன் டீ கிளாஸை என் பக்கம் நகர்த்தினார். "பதினோரு பேருகிட்ட திட்டு வாங்கணும் தாயி, முதல்ல இந்த சாயைக் குடி."

நடைபாதையில் பட்டறை

திட்டினார்கள். நாலு பேர் திட்டினார்கள், ஐந்து பேர் தலையாட்டினார்கள், ஒருவர் போனை வைத்துவிட்டார், டாக்டரம்மா மட்டும் சிரித்தார். மூன்று படகை முடித்திருந்தபோது விஷயம் கிளப் செயலாளர் காதுக்குப் போய்விட்டது. வேலையில் குறை இருப்பதாக நானே ஒப்புக்கொண்டுவிட்டேன், அதனால் நான் உள்ளே வரக்கூடாது என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கருவிப் பையோடு போனால் கேட் திறக்கவில்லை. வாட்ச்மேனுக்கு என்னைப் பார்க்கவே சங்கடம். இன்னும் எட்டு மரம் உள்ளே கிடக்கிறது. எட்டிலும் வெள்ளைப் பொடி தின்றுகொண்டிருக்கிறது. திரும்பிப் போக மனசு வரவில்லை.

துக்காராம் வெளியே வந்தார். "நான் உள்ளே வரக்கூடாது, சரி. மரம் வெளியே வரலாம்தானே?" என்று கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார். மரம் வெளியே போகக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. படகுச் சொந்தக்காரருக்கு போன் போட்டுச் சம்மதம் கேட்டோம். நாலு பேர் தோளில் ஏழு மீட்டர் மரம் சப்பரம் மாதிரி கேட்டைத் தாண்டி வந்தது. கரும்புச் சாற்றுக் கடைக்காரர் இரண்டு பெஞ்சு கொடுத்தார். நடைபாதையில் மரத்தைப் படுக்கவைத்து வேலையை ஆரம்பித்தேன். கரண்ட் கிடையாது, கையால் சுற்றுகிற ட்ரில்தான். ஒரு ஓட்டைக்குப் பத்து நிமிஷம், தோள்பட்டை கழன்றது. கூட்டம் கூடியது. கணபதிப் பந்தலுக்கா என்று ஒருவர் கேட்டார், கொடிக்கம்பமா என்று ஒருவர். ஒரு அம்மாள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, தன் வீட்டு பால்கனிக்குத் துணி காயப்போடும் கம்பி மாட்ட வருவாயா என்று விலாசமே கொடுத்துவிட்டுப் போனாள்.

அன்று இரண்டு மரம் முடிந்தது. அடுத்த ஞாயிறு மூன்று மரம் வரிசையாக நடைபாதையில் கிடந்தன. சொந்தக்காரர்களே தூக்கிவந்து போட்டார்கள்; முதலில் என்னைத் திட்டினவர்களில் இரண்டு பேர் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். டிராஃபிக் போலீஸ்காரர் ஒருவர் வந்து இதெல்லாம் யாருடையது என்று விசாரித்தார். எல்லாரும் ஒன்றுபோல் கிளப் போர்டைக் கைகாட்டினோம். கொஞ்ச நேரத்தில் செயலாளர் வேகமாக வெளியே வந்தார். மரங்களைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், மஞ்சள் பசை அப்பிய என் கையைப் பார்த்தார். ஒரு திருகைக் கழற்றச் சொல்லி, உள்ளே பசை இருக்கிறதா என்று தானே குனிந்து பார்த்தார். நிமிர்ந்து கேட்டைத் திறக்கச் சொன்னார். "உள்ளே வந்து வேலையைப் பாரும்மா, வெளியே நீ உட்கார்ந்தா போலீஸ் என்னைத்தான் கேள்வி கேக்குது."

ஒற்றைக் கை

வித்யா முலுண்டிலிருந்து லோக்கல் பிடித்து ஆபீஸ் போகிற பெண். பிறந்ததிலிருந்தே இடது முழங்கைக்குக் கீழே கிடையாது. இரண்டு வருஷமாக அடுத்தவர் படகில் சுக்கான் பிடித்துப் பழகியவள். இனி தனியாகப் போக வேண்டும் என்றாள். கிளப்பில் பயிற்சியாளர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: காற்று ஏறும்போது பெரிய பாயை யார் உதவியும் இல்லாமல் இறக்கிக் காட்ட வேண்டும். கொம்பு க்ளீட்டில் அது நடக்காது. ஒரு கை கயிற்றின் பாரத்தைத் தாங்க வேண்டும், இன்னொரு கை சுற்றை அவிழ்க்க வேண்டும். நான் அவள் கையைப் பார்த்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள். "அக்கா, சிம்பதி எல்லாம் நிறைய ஸ்டாக் இருக்கு. எனக்கு க்ளீட்தான் வேணும்" என்றாள்.

பல் வைத்த க்ளீட் என்று ஒன்று உண்டு. இரண்டு சின்னத் தாடைகள் ஸ்பிரிங்கில் நிற்கும். கயிற்றைக் கீழே இழுத்தால் விடும், மேலே போகப் பார்த்தால் கடித்துக்கொள்ளும். விடுவிக்க வேண்டுமானால் ஒரு இழுப்பு கீழே, வெடுக்கென்று ஒரு சுண்டு வெட்டு வெளியே. ஆனால் அதை எந்த உயரத்தில், என்ன சாய்வில் வைப்பது? வீட்டுக்கு ஒரு பழைய குழாயைக் கொண்டுவந்து சுவரோடு கட்டினேன். என் இடது கையை துப்பட்டாவால் முதுகோடு கட்டிக்கொண்டு இழுத்துப் பார்த்தேன். வீட்டுக்காரர் வேலை விட்டு வந்து கதவைத் திறந்தவர், "ஏட்டி, கைக்கு என்னாச்சு?" என்று பதறிவிட்டார். மூன்று வாரம். உயரத்தை மாற்றி மாற்றி ஆறு இடம் பார்த்தேன். எனக்குச் சரியாக வந்தது அவளுக்கு வரவில்லை. ஏன் என்று அவள்தான் கண்டுபிடித்தாள். "நீங்க நின்னுட்டு இழுக்கறீங்க அக்கா. படகு ஆடும்போது நிக்கறதுக்கே ஒரு கை வேணும். நான் முட்டி போட்டுத்தான் இழுப்பேன்." முட்டி போட்ட உயரத்துக்கு இறக்கினேன். தாராவியில் பிளாஸ்டிக் வேலை செய்கிறவர்களிடம் சொல்லி, ஆப்பு மாதிரி ஒரு நைலான் துண்டு சீவி வாங்கி அடியில் கொடுத்தேன். க்ளீட் அவள் முகத்தைப் பார்த்து நிமிர்ந்தது. ஏழாவது இடம்.

சோதனை நாளில் படகில் பாரத்துக்கு இன்னொரு ஆள் வேண்டும் என்றார்கள். வேலை உன்னுடையது, நீயே ஏறு என்றார் பயிற்சியாளர். எந்தக் கயிற்றையும் தொடக்கூடாது, தொட்டால் அவள் தேறவில்லை என்று அர்த்தம். மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு குலதெய்வத்தைக் கூப்பிட்டுக்கொண்டே ஏறினேன். அவர் மோட்டார் படகில் பின்னால் வந்தார். துறைமுகத்தைத் தாண்டும்வரை எல்லாம் நன்றாக இருந்தது. பாயை இறக்கச் சொல்லி அவர் விசில் ஊதுவதற்கு முன்பே டிராம்பே பக்கமிருந்து கருமேகம் ஒன்று வந்தது, கூடவே காற்று. படகு ஒரு பக்கமாகச் சரிந்தது. தண்ணீர் என் மடியில் ஏறியது. வித்யா சுக்கானைக் காலால் அழுத்திக்கொண்டு முட்டி போட்டாள், கயிற்றைப் பிடித்து வெளியே வெட்டினாள். விடவில்லை. நனைந்த கயிற்றைத் தாடை கெட்டியாகக் கடித்திருந்தது. இன்னொரு தடவை வெட்டினாள். விடவில்லை. ஆறு இடம் பார்த்து ஏழாவது இடத்தில் மாட்டிய என் க்ளீட், ஒரு கை தூரத்தில், ஒரு பெண்ணைக் கவிழ்க்கப் பார்க்கிறது. என் கை தானாக நீண்டது. "தொடாதீங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் கை அப்படியே நின்றது. அவள் கயிற்றை மணிக்கட்டில் ஒரு சுற்று சுற்றினாள். உடம்பு மொத்தத்தையும் கீழே போட்டு ஒரு விரற்கடை இழுத்தாள். தாடை விட்டது. அதே மூச்சில் வெளியே வெட்டிக் கையை உருவிக்கொண்டாள். கயிறு சீறிக்கொண்டு மேலே ஓடியது, பெரிய பாய் மொத்தமும் மடமடவென்று என் தலைமேல் விழுந்தது. இருட்டு. ஈரத் துணி வாசனை. நான் கண்ணை இறுக மூடி எதையோ கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தேன். படகு நிமிர்ந்ததும், முன்பாய் மட்டும் காற்றைப் பிடித்துக் கரையைப் பார்த்துத் திரும்பியதும், மோட்டார் படகிலிருந்து பயிற்சியாளர் கைதட்டியதும் எதுவும் எனக்குத் தெரியாது. காதில் விழுந்தது வித்யாவின் குரல்தான்: "அக்கா, பாய்க்குள்ளேர்ந்து வெளியே வாங்க, நாம பாஸ் ஆயிட்டோம், நீங்க என் காலைப் பிடிச்சிட்டிருக்கீங்க."

எங்கள் தொழிலில் நல்ல பெயர் என்பது வேறொன்றுமில்லை: கயிறு நின்ற இடத்தில் நிற்கிறவரைக்கும் க்ளீட்டை மாட்டியது யார் என்று ஒருவருக்கும் ஞாபகம் வராது.